அசலுடன் சரிபார்க்கப்பட்டது

சார் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுகிறேன், அங்கே உட்காருங்கள் என்று கிளார்க் கையைக் காட்டிய பெஞ்சில் யாரோ ஒரு ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை நகர்த்தலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, நகர்த்தாமல், ஓரமாகப் பாதி உட்கார்ந்தேன். பஸ்ஸிலும் நான் இப்படித்தான் உட்காருவேன். இந்த ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குள் இன்றைக்குத்தான் முதல்முதலாக வருகிறேன், ஆனால் இங்கே இருக்கிற கம்ப்யூட்டருக்கு என்னை ஏற்கெனவே தெரியும். சண்பகவடிவு, தகப்பனார் பெயர் ஆறுமுகநயினார், வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி, அறை எண் முதற்கொண்டு எல்லாம் சரி, கார், வேன் ஓட்ட லைசென்ஸ் பெற்றவர். எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அதைத்தான் ஏட்டய்யாவிடமும் சொன்னேன். விடுதி வாசலில் பைக்கை விட்டு இறங்காமலே அவர் கேட்டார், "சண்பகவடிவுங்கறது நீங்கதானுங்களா? வேன்ல ஒருத்தர இடிச்சுப்போட்டு, ஸ்டேஷனுக்கு வாங்கன்னா வராம இருந்தா எப்படிங்க?" துவைத்த துணி வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வாளியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை. "நான் இல்லைங்க, எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது" என்றேன். "எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க" என்றார். பின்னால் மாடியில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்ப்பது முதுகுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி ரோட்டு முனையில், சைக்கிளில் வந்த டீக்கடைக்காரப் பெரியவர் ஒருவரை ஆம்னி வேன் ஒன்று தட்டிவிட்டதாம். ஓட்டி வந்த பெண்ணே அவரைத் தூக்கி வேனில் படுக்கவைத்து ஜி.எச்.சில் சேர்த்து, அங்கே இருந்த போலீஸ்காரர் கேட்டதும் லைசென்ஸைக் கொடுத்து, அவர் ஜெராக்ஸ் எடுக்கிற வரை நின்று, பெரியவர் கண்ணைத் திறந்த பிறகுதான் போயிருக்கிறாள். அதற்கப்புறம் கூப்பிட்டால் ரிங் போகிறது, எடுப்பதில்லை. வேன் யார் பேரில் என்று பார்த்தால், பல கை மாறியும் ஆர்.சி. புத்தகம் முதலில் வாங்கியவர் பேரிலேயே நிற்கிறது. அவர் செத்துப் பல வருஷமாயிற்று. உயிரோடு அவர்கள் கையில் கிடைத்த பெயர் என்னுடையது ஒன்றுதான். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலைங்க" என்றார் ஏட்டு. "இடிச்ச எடத்துக்குப் பக்கத்துலயே நீங்க வேலை பாக்கற ஆஸ்பத்திரி இருக்குது. அத உட்டுப்போட்டு அத்தன தூரம் ஜி.எச்.சுக்கு எதுக்குங்க கொண்டு போனீங்க?" நான் கொண்டு போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தபோது அவர் ஜெராக்ஸை நீட்டிவிட்டார். பெயர் பளிச்சென்று இருந்தது. முகம் இருக்க வேண்டிய கட்டத்தில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்பு. நான் ரொம்ப நேரம் அந்தக் கறுப்பையே பார்த்தேன். ஒருவேளை நானாகவே இருந்துவிடுவேனோ என்று ஒரு நிமிஷம் பயமாகக்கூட இருந்தது. "இதுல யாருன்னு நான் எப்படிங்க சொல்றது? ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்க, கம்ப்யூட்டர்ல கலர்ல இருக்கும். அது நீங்க இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார் ஏட்டு.

வந்துவிட்டேன். போட்டோவைத் திறக்க சார்தான் வர வேண்டும் என்று சொன்ன கிளார்க், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூட யாராச்சும் வந்திருக்காங்களா? உங்களத் தெரிஞ்சவங்க? நீங்கதான் நீங்கன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் இருந்தா நல்லதுங்க" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், பேனா இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. இல்லை என்று தலையை ஆட்டினேன். அதிலிருந்து அந்தக் கேள்வி என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஆள் வேண்டுமென்றால் யாரைக் கூப்பிடுவேன்? ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் பில் போடுகிறேன். முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே ஓர் ஓட்டை. சீட்டை நீட்டுகிறவர்கள் ஓட்டைக்குக் குனிந்து பேசுவார்கள், என் கையைப் பார்ப்பார்கள், மருந்தை எடுத்துக்கொண்டு போவார்கள். என் வளையலைக் காட்டினால் பாதி ஊர் சாட்சி சொல்லும், முகத்தைக் காட்டினால் விழிக்கும். பெரிய டாக்டரின் மகன் என்னைப் பில்லிங் மேடம் என்பார். பெயர் கேட்டால் அவரும் ரிஜிஸ்டரைத்தான் புரட்டுவார். விடுதியில் வார்டன் மாறிவிட்டார், புது வார்டனுக்கு நான் அறை எண். கூட இருக்கிற பெண்களெல்லாம் சின்ன வயது. ஆன்ட்டி என்பார்கள், நான் உள்ளே வந்தால் பேச்சைச் சின்னதாக்கிக்கொள்வார்கள். கெட்ட பெண்கள் கிடையாது. காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கித் தருவார்கள், கதவுக்கு வெளியே வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போவார்கள். தம்பி வடக்கே வேறு மாநிலத்தில் இருக்கிறான். தீபாவளிக்குப் பேசுவான், பேசும்போது பின்னால் டி.வி. ஓடும். அவனை வரச் சொல்லி, வந்து என்னைப் பார்த்து, இது என் அக்காதான் என்று சொல் என்று கேட்டால், என்ன ஆச்சு உனக்கு என்பான். என் முகத்தை முகமாகப் பார்த்தது கடைசியாக யார் என்று தேடிக்கொண்டே போனால் ஒரே ஓர் இடத்தில்தான் போய் முட்டுகிறது. அங்கே முட்டக் கூடாது என்றுதான் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். அம்சவேணி.

அம்சவேணி எனக்கு அடுத்த கட்டிலுக்கு ஒற்றைப் பையோடு வந்தவள். என்னைவிட எத்தனையோ வயது சின்னவள், ஆனால் வந்த முதல் வாரமே, "அக்கா, நீங்க தூக்கத்துல யார் கூடவோ கணக்கு பேசறீங்க" என்று சிரித்தாள். நான் தூக்கத்தில் பேசுவேன் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவர் தூங்குவதைப் பார்க்க இன்னொருவர் வேண்டும் அல்லவா. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடுவாள், பல்லியை விரட்டுவாள், நெற்றியைச் சுருக்காதீங்க என்று என் நெற்றியைக் கட்டை விரலால் நீவிவிடுவாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவளும் சொன்னாள். அவள் புருஷன் தவணை கட்டாத வண்டிகளைத் தூக்குகிற ஆள். ஆள் எங்கே ஓடினாலும் கண்டுபிடிப்பதுதான் அவன் தொழில், அதில் கெட்டிக்காரன் என்று பெயர். "நம்பர் ஒண்ணு குடுத்தா போதும்க்கா. ஆர்.டி.ஓ. ஆபீஸ் புரோக்கர் ஒருத்தன், ஊடு எங்க, ஃபோன் நம்பர் என்ன, எல்லாத்தையும் டீ குடிக்கற நேரத்துல சொல்லிருவான். எம்பேரு எந்த ஆபீஸ்ல ஏறினாலும் சரி, மறுநாள் எம்புருஷன் வாசல்ல நிப்பான்." கழுத்துக்குக் கீழே ஒரு தழும்பைக் காட்டினாள். நான் அதைத் தொட்டுப் பார்த்தேன். சிம் கார்டுகூடத் தன் பேரில் வாங்க மாட்டாள். என் ஆதார் ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டு நான்தான் கொடுத்தேன். கூட ஒன்றிரண்டு பிரதி இருக்கட்டுமே என்று அவள் கேட்டபோது அதிலும் போட்டுக் கொடுத்தேன். ஒரு சாயங்காலம் அவன் விடுதி வாசலுக்கே வந்துவிட்டான். அப்படி யாரும் இல்லை என்று வாட்ச்மேன் அனுப்பிவிட்டார். ராத்திரி முழுக்க அவள் என் கையை விடவில்லை. பயப்படாதே, நான் இருக்கேன் என்றேன். காலையில் கண் விழித்தபோது அடுத்த கட்டிலில் போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். மாதக்கணக்கில் ஸ்விட்ச் ஆஃப். அப்புறம் நானே கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். நான் இருக்கேன் என்று சொன்னேனே, அதைச் சொன்ன விதத்தில் ஏதாவது குறையா? குரல் நடுங்கியதோ? இவள் இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியிருக்குமோ? எத்தனை தடவை இதை யோசித்திருப்பேன். பேப்பரில் அடையாளம் தெரியாத பெண் பிணம் என்று வந்தால் முதலில் வயதைப் படிப்பேன், அப்புறம் உயரம், அப்புறம் தழும்பு. இல்லை என்று தெரிந்ததும் பேப்பரை மடித்துவிட்டு பில் போடப் போவேன்.

"ஆமாங்ணா, எழுதிக்குங்க." கவுன்டர் பக்கம் குரல் கேட்டு நிமிர்ந்தேன். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கவுன்டருக்குள்ளே பாதி உடம்பை நுழைத்து நின்றிருந்தார். கிளார்க் தன் கம்ப்யூட்டரைச் சற்றே அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். சட்டைக்காரர் திரையைப் பார்த்து யாருக்கோ ஃபோனில் ஒரு வீட்டு விலாசத்தை வாசித்தார், கதவு எண், தெரு, பின் கோடு, ஃபோன் நம்பர். "அம்மா பேர்ல வண்டி இருக்குதுங்ணா, பையன் அங்கதான் இருப்பான்" என்றார். கிளார்க் நிமிரக்கூட இல்லை. தயிர் சாதத்தில் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார். அவள் சொன்னபோது கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன், பயந்தவர்கள் கூட்டிச் சொல்வார்கள் என்று. அந்தச் சட்டைக்காரர் என்னைத் தாண்டி வந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "ஸாரிங்க்கா, நல்லா உக்காருங்க" என்றார். நல்ல மனுஷர் போலத்தான் இருந்தார்.

சார் வந்தார். ஈரக் கையைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டே, "நீங்கதானுங்களா, வாங்க" என்று உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். இள வயது, மரியாதையான ஆள். எண்ணைத் தட்டினார். "பேரு சரி, அப்பா பேரு சரி, பிறந்த தேதி சரி. இங்க பாருங்க, ஆதார் காப்பில நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க." என் கையெழுத்துதான். சிம்முக்காகப் போட்டது. அதன் மேல் ஊதா நிறத்தில் ஒரு முத்திரை, அசலுடன் சரிபார்க்கப்பட்டது. "அசல் என் பெட்டியில இருக்குங்க, நான் இங்க கொண்டுவந்ததே இல்லை" என்றேன். "சீல் இருக்குதுங்களே" என்றார். "அசலைப் பாக்காம எப்படிங்க சீல் வைப்பாங்க?" அவர் கொஞ்சம் நெளிந்தார். "கூட்டங்க. ட்ரைவிங் ஸ்கூல்காரங்க கட்டுக் கட்டா கொண்டுவந்து வைப்பாங்க." "போட்டோ எடுக்கும்போது இந்த முகத்தையும் அந்த முகத்தையும் ஒத்துப் பாக்க மாட்டாங்களா?" "ஆதார் காப்பிலயும் முகம் கறுப்பாத்தானுங்க விழுந்திருக்கு, எதோட ஒத்துப் பாக்கறது? கேமராவுக்கு முன்னால யாரு உக்காந்தாலும் அது எடுக்குமுங்க." ரத்த வகை என்ற இடத்தில் பி பாசிட்டிவ் என்றிருந்தது. நான் ஓ. ஏன் அதை மட்டும் மாற்றினார்கள் என்று நினைத்தேன். அடிபட்டுக் கிடந்தால் தப்பான ரத்தம் ஏற்றிவிடக் கூடாதே என்று யாரோ பயந்திருக்கிறார்கள். "ஃபோன் நம்பரும் உங்க பேர்லதான் இருக்குதுங்க" என்று அவர் வாசிக்க ஆரம்பித்தார். நாலாவது எண்ணிலேயே எனக்கு மீதி எண்கள் தெரிந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அழுத்தி அழுத்தித் தேய்ந்த எண். போட்டோ மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது. நெட் ஸ்லோ என்றார். முதலில் வகிடு. அப்புறம் நெற்றி, என் நெற்றியை நீவிவிட்டவளின் நெற்றி. அப்புறம் கண்கள், கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் யாரையோ பார்க்கிற கண்கள். துப்பட்டாவைக் கழுத்துவரை இழுத்துச் சுற்றியிருந்தாள்.

உயிரோடு இருக்கிறாள். அதுதான் முதலில் வந்தது, உடம்பு முழுக்க வெந்நீர் ஊற்றியதுபோல வந்தது. அடுத்த மூச்சில் இன்னொன்று வந்தது. இந்த ஊரிலேயே இருக்கிறாள். நான் பேப்பரில் பிணங்களின் வயதைப் படித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் இதே ஊரில், இதே ரோட்டில், என் பெயரைச் சொல்லிக்கொண்டு வேன் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு தடவை வரவில்லை. அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு என் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும், ஜி.எச்.சுக்கு வேறு வழி கிடையாது. நான் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்திருப்பேன். என்னைப் பார்க்கக் கூடாது என்று ரத்தம் வழிகிற மனுஷரை அத்தனை தூரம் கொண்டுபோனாளா? பெயர் போனது வலிக்கவில்லை, இது வலித்தது. "இவங்கள உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றார் சார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தெரியும், நல்லாத் தெரியும், நாலாக மடித்த போர்வையைப் பார்த்து நான் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியுமா என்று கேளுங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. "தெரிஞ்சா நெசப் பேரச் சொல்லுங்க, இதுலயே ஏத்தி உட்டுடறேன். உங்க பேரு இன்னிக்கே கேஸ்ல இருந்து விலகிரும்." "ஏத்தினா அதை யார் யார் பாப்பாங்க?" என்று கேட்டேன். "டிபார்ட்மென்ட் ஆளுங்க மட்டுந்தானுங்க" என்றார். கதவு திறந்தே இருந்தது. வெளியே கவுன்டரில் இப்போது வேறொரு ஆள் உள்ளே குனிந்திருந்தார், திரை அவர் பக்கம் திரும்பியிருந்தது. யார் என்று பார்க்காமலே அவளுக்கு என் பெயரைக் கொடுத்த இடம் இது. யார் என்று கேட்காமலே அவளையும் தூக்கிக் கொடுத்துவிடும். "அந்தப் பெரியவருக்கு இப்ப எப்படி இருக்கு, தெரியுமாங்க?" என்றேன். "காலுலதான் அடியாமா. ஊட்டுக்கே போயிட்டாருன்னு ஏட்டு சொன்னாரு." நான் திரையை இன்னொரு முறை பார்த்தேன். "தெரியாதுங்க." "நல்லாப் பாருங்க மேடம்." "இல்லைங்க. நான் பாத்ததே இல்லை." அவர் பெருமூச்சு விட்டார். படத்தில் இருப்பவரும் நானும் ஒருவர் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆள் கிடைக்கும்வரை விசாரணைக்குக் கூப்பிடும்போதெல்லாம் நான் வர வேண்டியிருக்கும் என்றார். லைசென்ஸை ரத்து செய்வதற்கு முன்னால் அவளுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதுதான் முறை. "ஆனா அது உங்க விடுதிக்குத்தானுங்க வரும்" என்று அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

வெளியே வெயில். இளநீர் வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் நிழல் இருந்தது, அங்கே போய் நின்றேன். அந்த எண்ணை அழுத்தக் கை வரவில்லை, போலீஸுக்கே எடுக்காதவள் எனக்கா எடுக்கப்போகிறாள் என்று இருந்தது. முதல் ரிங் முடிவதற்குள் எடுத்துவிட்டாள். "அக்கா." நான் திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "பெரியவர் நல்லா இருக்கார், வீட்டுக்குப் போயிட்டார்" என்றேன். அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. "டெய்லி ஜி.எச். வாசல் வரைக்கும் போயிப் போயித் திரும்பி வந்தேன்க்கா. உள்ள போக பயம்." "ஏன் எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரல?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. "உங்க முன்னாடி நின்னுட்டு, எம்பேரு சண்பகவடிவுன்னு எப்படிக்கா சொல்லுவேன்?" என்றாள். வேறு எதையோ கேட்க வேண்டும் என்று, "வண்டியாவது ஒழுங்காக் கத்துக்கிட்டியா, இல்ல அதுவும் புரோக்கர்தானா?" என்றேன். "இல்லக்கா, சத்தியமா. ரெண்டு தடவ ஃபெயிலாக்கி மூணாவது தடவதான் குடுத்தாங்க. மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொல்லிச் சாவடிச்சாங்க" என்றாள். அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தாள், அதே சிரிப்பு. "ஓட்டறத மட்டும் அத்தன கண்ணாப் பாத்தாங்கக்கா. நான் யாருன்னு ஒருத்தருங் கேக்கல." லைசென்ஸ் போய்விடும் என்றேன். தெரியும் என்றாள், வேறு ஏதாவது பார்க்கணும் என்றாள். அவள் பெயரை நான் சொல்லவில்லை என்றேன். "நீங்க எப்படிக்கா இருக்கீங்க?" என்றாள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது, என்ன சொல்வது என்று தேட வேண்டியிருந்தது. அதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்தது, ஸ்கூல் மணி, அணை திறந்த மாதிரி ஒரே இரைச்சல். "பிள்ளைங்க வந்துருச்சுக்கா, இருங்க, வெச்சிராதீங்க" என்று ஃபோனை எங்கேயோ போட்டாள். நான் வைக்கவில்லை. வேன் கதவு இழுபட்டது. "சண்பகா ஆன்ட்டி, இவன் என் ஜன்னல்ல உக்காந்துட்டான்!" "சண்பகா ஆன்ட்டி, நான் இன்னிக்கு வாந்தியே எடுக்கல!" "சண்பகா ஆன்ட்டி, மித்ரன் தண்ணி பாட்டில உள்ளயே உட்டுட்டான்!" என் பெயரை யாரும் இப்படிச் சுருக்கியதில்லை. இத்தனை குரல்கள் ஒரே நேரத்தில் அதைக் கூப்பிட்டதும் இல்லை. "வர்றேன் கண்ணு, வர்றேன்" என்று அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு, இளநீர் வெட்டுகிற சத்தம் போய்விடாதபடி ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டேன். திடீரென்று காதுக்குள்ளேயே ஒரு சின்னக் குரல். ஏதோ ஒரு பிள்ளை ஃபோனை எடுத்திருந்தது. "ஹலோ, யாரு பேசறீங்க?" நான் வாயைத் திறந்தேன். "உங்க பேரு என்ன?" என்றது. "பேரு வேண்டாம் கண்ணு" என்றேன். "அக்கான்னு சொன்னாப் போதும்."